நடப்பு நிதியாண்டில் இறக்கவிருப்போர் பட்டியல்

ராயபுரம் பனைமரத்தொட்டியில் எங்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. நல்லடக்கச் சகாய சங்கம் என்று பெயர். மாதச் சந்தா நூறு ரூபாய். ஆள் போய்விட்டால் பெட்டி, வண்டி, மாலை, பேண்டு வாத்தியம், வருகிறவர்களுக்கு டீ, உட்கார நாற்காலி எல்லாம் சங்கத்தின் செலவு. கல்லறையா, சுடுகாடா, கபர்ஸ்தானா என்பதை மட்டும் அவரவர் வீட்டில் சொல்லிவிட வேண்டும். மொத்தம் நூற்று நாற்பத்திரண்டு உறுப்பினர்கள். இதைச் சொல்கிற நான் எண்பத்தெட்டாம் எண். வண்ணாரப்பேட்டையில் ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கிற கடை வைத்திருக்கிறேன். கண்ணீர் அஞ்சலி பேனர் சங்கத்துக்குப் பாதி விலை.

செயலாளர் இன்னாசி அண்ணன் துறைமுகத்தில் முப்பத்து மூன்று வருஷம் கிரேன் ஓட்டியவர். இருபது டன் பெட்டியைத் தூக்கிக் கப்பலில் வைக்கும்போது நடுங்காத கை, பேனா பிடித்தால் நடுங்கும். அதனால் சங்கக் கணக்கைச் சுருக்கமாக வைத்திருந்தார். ஒரு நீள நோட்டு. முன்பக்கத்திலிருந்து வரவு, பின்பக்கத்திலிருந்து செலவு. இரண்டும் நடுவில் சந்தித்தால் புது நோட்டு வாங்கிவிடுவார். இப்படியே பதினொரு நோட்டு ஓடியிருந்தது. செத்தவர்கள் யாரும் குறை சொன்னதில்லை.

போன வருஷம் மே மாதம் ஒரு பழுப்பு உறை வந்தது. அனுப்பியது, சிறு சங்கங்கள் கணக்கு ஒழுங்காற்று ஆணையம், வடக்கு மண்டலம். அப்படி ஒரு ஆணையம் இருப்பதை நாங்கள் கேள்விப்பட்டதில்லை. அது எங்களைக் கேள்விப்பட்டிருந்தது. மார்ச் முப்பத்தொன்றாம் தேதிக்கான இருப்புநிலைக் குறிப்பை முப்பது நாளில் தாக்கல் செய்யாவிட்டால் சங்கத்தின் வங்கிக் கணக்கு முடக்கப்படும் என்று எழுதியிருந்தது. இன்னாசி அண்ணன் அதை நான்கு முறை படித்துவிட்டு என் கடைக்கு வந்தார்.

"மாமு, இன்னாமோ இருப்பு நெலைன்றான். நம்ம ஐஸ் பெட்டி எங்க இருக்குதுன்னு கேக்குறானா?"

"பேலன்ஸ் ஷீட் கேக்கறாங்கண்ணா."

"அது கம்பெனிங்க வெச்சிகினு இருக்கறதாச்சே. நம்ம சாவு சங்கத்துல இன்னாத்த பேலன்ஸ் பண்றது?"

மறுநாள் இருவரும் ராயபுரத்தில் ரயிலேறி விம்கோ நகரில் இறங்கினோம். ஆணையம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. டோக்கன் எடுக்க ஒரு வரிசை, அந்த வரிசையில் நிற்க ஒரு டோக்கன். இரண்டு மணி நேரம் கழித்து உதவி ஒழுங்காற்று அலுவலர் ராமதாஸ் எங்களை உள்ளே அழைத்தார். ராமதாஸ் எழுதுகிற மாதிரியே பேசுகிறவர். ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டு, அதற்குக் கீழே கையெழுத்துப் போட இடம் தேடுகிறவர் போலச் சற்று நிறுத்துவார்.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நடுவில் கோடு கிழித்தார்.

"இருப்புநிலைக் குறிப்பு என்பது ஒரு புகைப்படம். குறிப்பிட்ட ஒரு நாளில் உங்கள் சங்கத்தை அசையாமல் நிற்கவைத்து எடுப்பது. அதில் மூன்றே அங்கங்கள். உங்களிடம் இருப்பது சொத்து. நீங்கள் பிறருக்குத் தரவேண்டியது பொறுப்பு. சொத்திலிருந்து பொறுப்பைக் கழித்தால் உங்களுடையதென்று மிஞ்சுவது முதல். சொத்து ஒரு பக்கம். பொறுப்பும் முதலும் சேர்ந்து மறுபக்கம். இரண்டு பக்கமும் சமமாக இருந்தே தீரும். இந்த நாட்டில் நான் கண்ட ஒரே சமத்துவம் இதுதான்."

இன்னாசி அண்ணனுக்கு முகம் மலர்ந்தது. "அவ்ளோதானா சார்? சொம்மா பயந்துட்டோம். இதத்தான் நாங்க நோட்டுல முன்னாடியும் பின்னாடியும் எய்திகினு கீறோம்."

"சொத்து சொல்லுங்கள்."

"பேங்க்ல ஒரு லட்சத்தி எண்பத்தி ஆறாயிரத்தி நானூறு. பிளாஸ்டிக் நாற்காலி அறுவது. ஐஸ் பெட்டி ஒண்ணு. பந்தல் துணி கீது, ஒரு மூலைல கிழிஞ்சி கீது."

"பொறுப்பு?"

"யாருக்கும் ஒத்த பைசா தர வேண்டியதில்ல சார்." இதைச் சொல்லும்போது அவர் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. ராமதாஸ் பரிதாபத்தோடு சிரித்தார்.

"உறுப்பினர் இறந்தால் எவ்வளவு செலவு செய்கிறீர்கள்?"

"இருவத்தி ரெண்டாயிரம் ஆவும் சார்."

"நூற்று நாற்பத்திரண்டு பேருக்கும் அப்படிச் செய்வதாக வாக்களித்திருக்கிறீர்கள். அனைவரும் இறப்பார்கள். ஆக உங்கள் பொறுப்பு முப்பத்தொரு லட்சத்து இருபத்து நாலாயிரம். வங்கி இருப்பைக் கழித்தால் இருபத்தொன்பது லட்சத்து முப்பத்தேழாயிரத்து அறுநூறு ரூபாய் பற்றாக்குறை. ஐயா, உங்கள் சங்கம் தொடங்கிய நாளிலிருந்தே திவாலாகத்தான் இருந்திருக்கிறது. உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது, அவ்வளவுதான்."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

"சார், அத்தினி பேரும் ஒரே நாள்ல சாவ மாட்டாங்கோ சார்."

"அதை எழுத்துப்பூர்வமாகத் தரமுடியுமா?"

ராமதாஸ் நாற்காலியில் சாய்ந்துகொண்டு விளக்கினார். பொறுப்பில் இரண்டு வகை. பன்னிரண்டு மாதத்துக்குள் தீர்க்கவேண்டியது நடப்புப் பொறுப்பு. அதற்குப் பிறகு தீர்க்கவேண்டியது நீண்டகாலப் பொறுப்பு. ஆகவே உறுப்பினர்களை இரண்டாகப் பிரிக்க வேண்டும். வருகிற மார்ச்சுக்குள் இறக்கப்போகிறவர்கள் ஒரு பட்டியல். மற்றவர்கள் இன்னொரு பட்டியல். மற்றவர்கள் ஒவ்வொருவரும் நடப்பு நிதியாண்டில் இறக்க மாட்டேன் என்று உறுதிமொழி தர வேண்டும்.

"ஆணைய விதிப்படி நடப்புப் பொறுப்பு வங்கி இருப்பைத் தாண்டக் கூடாது. உங்கள் இருப்புக்கு எட்டுப் பேர். ஒன்பதாவது நபருக்கு அனுமதியில்லை."

"அப்ப மீதி நூத்தி முப்பத்தி நாலு பேர் பொறுப்பு சார்? அதுக்கு துட்டு எங்க கீதுன்னு கேக்க மாட்டீங்களா?"

"அது நீண்டகாலம். எனக்கு இன்னும் மூன்று வருடத்தில் ஓய்வு."

ரயிலில் திரும்பும்போது இன்னாசி அண்ணன் கொருக்குப்பேட்டை வரை உறுப்பினர்களின் பெயர்களை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். பிறகு, "எட்டு பேரை எப்டி மாமு பொறுக்குறது? நான் இன்னா எமனா?" என்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டு மொட்டை மாடியில் அவசரக் கூட்டம். விஷயத்தைச் சொன்னதும் மாடி அதிர்ந்தது. யாரும் பட்டியலில் வர ஒப்பவில்லை. வயதுவாரியாகப் போடலாம் என்று ஒருவர் சொல்ல, அறுபதைத் தாண்டியவர்கள் எல்லோரும் ஒரே குரலில் அவருடைய குடும்பத்தை விசாரித்தார்கள். வியாதிவாரியாகப் போடலாம் என்று வேறொருவர் சொன்னார். சர்க்கரைக்காரர்கள் எழுந்து நின்றார்கள்.

நிலைமையைக் காப்பாற்றியது அண்ணனின் மனைவி ரோசி அக்கா. இருபது வருஷமாக ஏலச்சீட்டு நடத்துகிறவர். எங்கள் தெருவில் அவரிடம் சீட்டு கட்டாதவர்கள் இன்னும் பிறக்காதவர்கள் மட்டும்தான். அவர் சத்தமே போடாமல் ஒரு வார்த்தை கேட்டார்.

"யோவ், லிஸ்ட்டுல வர்றவங்க பேர்ல துட்டு தனியா எட்த்து வெப்பாங்களா?"

"ஆமா மே. ஆளுக்கு இருவத்தி ரெண்டாயிரம் ஒதுக்கீடு."

எழுந்து நின்ற சர்க்கரைக்காரர்கள் உட்கார்ந்தார்கள். ஒதுக்கீடு என்ற சொல்லுக்கு எங்கள் பக்கம் ஒரு மரியாதை உண்டு. தன் பெயரில் இருபத்திரண்டாயிரம் தனியாக இருக்கிறது என்றால், அது எதற்காக என்று ரொம்பவும் துருவிக் கேட்க யாருக்கும் மனம் வரவில்லை. ஐந்து நிமிடத்தில் நூற்று நாற்பத்திரண்டு பேரும் பட்டியலில் இடம் கேட்டார்கள். பத்தாவது நிமிடத்தில் சிபாரிசு வந்தது. "என் மச்சானுக்கு ஒரு எடம் போட்டுக் குடு இன்னாசி, பாவம், இதுவரிக்கும் அவனுக்கு எதுவுமே கெடைக்கல" என்று ஒருவர் கெஞ்சினார்.

"இதுக்கு இன்னாத்துக்கு சண்ட? சீட்டு குலுக்கு" என்றார் ரோசி அக்கா. உள்ளே போய்த் தன் தகர டப்பாவை எடுத்துவந்தார்.

பெயர் எழுதிய சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினோம். முதலில் விழுந்தது மண்ணாங்கட்டி, மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவர். கைதட்டல். இரண்டாவது ஜெரி. இருபத்தாறு வயது, ஜிம்முக்குப் போகிறவன், கையில் சிங்கம் பச்சை குத்தியவன். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடியை ஒரு சுற்று வந்தார்கள். ஐந்தாவது நான். என் மனைவிக்குப் போன் போட்டுச் சொன்னேன். நல்ல விஷயம் என்று நினைத்து அவள் அன்றைக்கு சேமியா பாயசம் வைத்தாள். விளக்கிச் சொன்ன பிறகு பாயசத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.

எட்டு சீட்டிலும் ஆலிஸ் அக்கா பெயர் வரவில்லை. காசிமேட்டில் மீன் விற்கிறவர், எழுபத்து நான்கு வயது. புருஷன் போய் இருபத்தாறு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. நாற்பத்தொரு வருஷமாக ஒரு மாதம்கூடத் தவறாமல் சந்தா கட்டியவர். எந்தக் கூட்டத்துக்கு வந்தாலும் ஒரே கேள்விதான் கேட்பார். அன்றும் கேட்டார்.

"பேண்டு உண்டுல்ல இன்னாசி?"

"உண்டுக்கா."

"எங்க ஊட்டுக்காரு போனப்ப ஏயு பேரு வாசிச்சாங்கோ. எனக்கு அதுக்கு கொறையக் கூடாது. கார்ப்பரேஷன் வண்டியில அநாதையா என்னைய ஏத்தி உட்டீங்கன்னா, திரும்பி வந்து ஒவ்வொருத்தன் வூட்லயும் குந்திக்குவேன்."

"ஏக்கா, நான் கீறேன்ல. ஏயு பேரு பேண்டு, என் பொறுப்பு."

பிறகு உறுதிமொழித் தாளில் ஆலிஸ் அக்கா எழுத்துக்கூட்டிப் பெரிதாகக் கையெழுத்துப் போட்டார். நடப்பு நிதியாண்டில் இறக்க மாட்டேன். "மார்ச் வரிக்கும்தானே? இஸ்துகினு போயிடலாம்" என்றார்.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். குலுக்கலில் வென்ற எட்டுப் பேருக்கும் வாழ்த்துப் பேனர் அடிக்கச் சொன்னார்கள். என் பெயரும் இருந்ததால் மையைத் தாராளமாகப் போட்டு, பத்துக்கு எட்டு அளவில், எட்டுப் படமும் வரிசையாக வைத்து தெருமுனையில் கட்டினேன். எங்கள் பேட்டையில் எட்டுப் படம் வரிசையாக இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். காலை ஏழு மணிக்குள் மாலைகள் வர ஆரம்பித்துவிட்டன. எண்ணூரிலிருந்து என் மாமனார் மார்பில் அடித்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். நான் கதவைத் திறந்ததும், எந்த விபத்து என்று என்னிடமே கேட்டார். ஜெரியின் முதலாளி அவன் இடத்துக்கு வேறு ஆளையே போட்டுவிட்டார். அந்த வேலையை மீட்க, ஜெரி உயிரோடு இருப்பதாகச் சங்கம் லெட்டர்பேடில் சான்று கொடுக்க வேண்டியிருந்தது.

பட்டியல் விம்கோ நகருக்குப் போனது. அடுத்தது சொத்து. அதை நேரில் வந்து சரிபார்க்க ஆகஸ்டில் ஒரு தேதி கொடுத்தார்கள். அந்தத் தேதிக்கு முந்தைய நாள்தான் மண்ணாங்கட்டி மாரடைப்பில் போனார். நல்ல மனிதர், எங்களுக்கெல்லாம் வருத்தம். ஆனால் மறுநாள் சாவு வீட்டுக்கே வந்த ராமதாஸ் பட்டியலைப் பார்த்துவிட்டு நெகிழ்ந்துபோனார்.

"நடப்புப் பொறுப்பில் காட்டப்பட்டு, நடப்பு ஆண்டிலேயே தீர்ந்திருக்கிறார். இப்படி ஒழுங்கான உறுப்பினரை நான் என் பணிக்காலத்தில் பார்த்ததில்லை."

மண்ணாங்கட்டியின் மனைவி கெங்கம்மா இதைக் கேட்டு அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். ராமதாஸ் அதற்குள் நாற்காலிகளுக்குப் போய்விட்டார். அறுபது நாற்காலியிலும் துக்கத்துக்கு வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எண்ணுவதற்கு வசதியாக எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார். அவர் மரியாதை செலுத்தச் சொல்கிறார் என்று நினைத்து எல்லோரும் தலையைக் குனிந்து நின்றார்கள். ராமதாஸ் வரிசை வரிசையாகப் போய் ஒவ்வொரு நாற்காலிக்கும் எண் ஒட்டினார். கடைசியில் நின்றுவிட்டார்.

"அறுபத்தொன்று இருக்கிறது."

"பக்கத்து வூட்டுது ஒண்ணு கலந்திருக்கும் சார்."

பக்கத்து வீட்டில் கேட்டோம். எதிர் வீட்டில் கேட்டோம். யாரும் எங்களுடையது என்று சொல்லவில்லை. எங்கள் தெருவில் நாற்காலிகள் ஒரு சாவிலிருந்து இன்னொரு சாவுக்குப் போய்க்கொண்டே இருப்பவை. ராமதாஸ் வியர்த்துப்போனார்.

"குறைந்தால் திருட்டு என்று எழுதிவிடலாம். கூடினால் என்ன எழுதுவது? சொத்துப் பக்கம் முந்நூற்றைம்பது ரூபாய் ஏறும். மறுபக்கம் அதற்கு யார் பதில்? உலகத்தில் எந்த நாற்காலியும் காரணமில்லாமல் வராது ஐயா. இப்போது இரண்டு பக்கமும் சமமில்லை."

கடைசியில் அந்த நாற்காலியில் 'கணக்கில் இல்லாதது' என்று எழுதி ஒட்டி, அதில் யாரும் உட்காரக் கூடாது என்று ஆணையிட்டார். அடுத்தது ஐஸ் பெட்டி. மண்ணாங்கட்டி அதற்குள் இருந்தார்.

"பெட்டி வேலை செய்கிறதா?"

"செய்யுது சார். பாருங்க, நல்லாதான் கீறாரு."

வாங்கிய வருஷம் கேட்டார். இரண்டாயிரத்து ஒன்பது. ராமதாஸ் விரல்விட்டு எண்ணினார். பெட்டியின் ஆயுள் பத்து வருஷம் என்றும், வருஷா வருஷம் தேய்மானம் கழித்துக்கொண்டே வந்தால் அதன் மதிப்பு இப்போது ஒரு ரூபாய் என்றும் சொன்னார். அந்த ஒரு ரூபாயும் பெட்டி இருக்கிறது என்பதை மறந்துவிடாமல் இருக்கத்தானாம். கெங்கம்மாவால் இதைத் தாங்க முடியவில்லை.

"எம்புருசனை ஒத்த ரூவா பொட்டியிலயா படுக்க வெச்சிகீறீங்கோ?"

"இல்லக்கா, கணக்குலதான் ஒரு ரூவா. கரண்ட்டுல நல்லாதான் கீது" என்று அண்ணன் சமாதானம் சொன்னார். மண்ணாங்கட்டியின் செலவுக்கு அன்று மாலையே ஒப்புதல் வந்துவிட்டது. ஆணையத்தின் சரித்திரத்தில் அவ்வளவு வேகமாக எதுவும் நடந்ததில்லை என்று ராமதாஸே பெருமையாகச் சொன்னார்.

அதன் பிறகு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பட்டியலில் மிச்சமிருந்த நாங்கள் ஏழு பேரும் கல் மாதிரி இருந்தோம். ஜெரிக்கு இன்னும் இரண்டு அங்குலம் புஜம் ஏறியது. பிப்ரவரி கடைசியில் ஆலிஸ் அக்கா மீன் கூடையை இறக்கி வைத்தவர் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இதயம் ரொம்பப் பலவீனம், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆலிஸ் அக்காவுக்கும் தெரியும்.

அவர் நீண்டகாலப் பொறுப்பு. மார்ச் முப்பத்தொன்றுக்குள் போனால் சங்கம் ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. மீறி எடுத்தால் கணக்கு முடங்கும், சங்கமே மூடப்படும். நான் என் இடத்தை அவருக்குத் தருகிறேன் என்றேன். ஜெரியும் சொன்னான். ஆணையத்தில் அதற்கும் ஒரு படிவம் இருந்தது. இடத்தைப் பெற்றுக்கொள்பவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். மார்ச் பத்தாம் தேதி ஆலிஸ் அக்காவை ஆட்டோவில் வைத்து விம்கோ நகர் கூட்டிக்கொண்டு போனோம். ஜெரி அவரைக் கையில் தூக்கிக்கொண்டே இரண்டு மாடி ஏறினான்.

ராமதாஸ் படிவத்தைப் படித்தார். தலையை ஆட்டினார்.

"கடைசிக் காலாண்டில் மாற்றம் கிடையாது."

"சார், பாவம் சார். மூச்சு வாங்குது பாருங்க" என்றார் இன்னாசி அண்ணன்.

"எனக்கும் இரக்கம் உண்டு ஐயா. ஆனால் இரக்கப்பட்டால் இரண்டு பக்கமும் சமமாகாது. இந்த அம்மாவே உறுதிமொழி கொடுத்திருக்கிறார். இதோ கையெழுத்து."

ஆலிஸ் அக்கா தன் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு ராமதாஸைப் பார்த்தார். மூச்சு வாங்கி வாங்கித்தான் பேசினார், ஆனால் மீன் விற்ற குரல், அறை முழுக்கக் கேட்டது.

"நைனா, நூத்தி நாப்பது பேரும் சாவப் போறாங்கோன்னு உன் பேப்பர்ல கீது. செரி. சாவத்தான் போறோம். ஆனா அதுவரிக்கும் உசிரோட கீறோமே, மாசாமாசம் நூறு ரூவா குடுத்துகினு கீறோமே, அது எந்தப் பக்கம் கீது?"

ராமதாஸ் தாளைத் திருப்பிப் பார்த்தார். உண்மையாகவே தேடினார். அதை நான் சொல்லியாக வேண்டும்.

"உயிரோடு இருப்பதற்குத் தலைப்பு இல்லையம்மா" என்றார்.

திரும்பி வரும்போது அக்கா ஆட்டோவில் அண்ணன் தோளில் சாய்ந்துகொண்டார். "கையெய்த்து போட்டுட்டேனே இன்னாசி. உன் கணக்கு கெட்டுடப் போவுது. இன்னும் எத்தினி நாளு?"

"இருவத்தி ஒரு நாள்க்கா."

"பாக்குறேன்."

பார்த்தார். உண்மையாகவே பார்த்தார். ரோசி அக்கா தினமும் கஞ்சி கொண்டுபோய் ஊட்டுவார். ஒவ்வொரு நாளும் காலண்டர் தாளைத் தானே கிழிப்பேன் என்று ஆலிஸ் அக்கா அடம் பிடிப்பார். மார்ச் இருபத்தெட்டாம் தேதித் தாளைக் கிழித்து ரோசி அக்கா கையில் கொடுத்தார். காலை பத்து மணிக்குப் போய்விட்டார். மூன்று நாள் பாக்கி.

இன்னாசி அண்ணன் தெருவிலேயே உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. பேங்க் பாஸ்புக் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. அதில் ஒரு லட்சத்துக்கு மேல் பணம், தொடக்கூடாத பணம். கார்ப்பரேஷன் வண்டிக்குப் போன் செய்யலாமா என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள்.

"எவன்டா அவன்?" என்றார் ரோசி அக்கா. அண்ணன் தோளில் கிடந்த துண்டை உருவினார். தெருவின் இந்த முனையில் ஆரம்பித்து அந்த முனைவரை வீடு வீடாக ஏந்திக்கொண்டு போனார். ஆளுக்கு இருநூறு என்று சொன்னார். ஆனால் யார் எவ்வளவு போட்டார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. கெங்கம்மா ஐந்நூறு போட்டார். ஜெரி ஜிம்முக்கு வைத்திருந்த பணத்தைப் போட்டான். மதியத்துக்குள் இருபத்தேழாயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய் சேர்ந்தது. இன்னாசி அண்ணன் எழுந்து முகம் கழுவிக்கொண்டு, பேண்டு செட்டுக்குப் போன் போட்டு ஒன்பது பேரை வரச் சொன்னார்.

மாலை நான்கு மணிக்கு ராமதாஸ் வந்தார். நீண்டகாலப் பொறுப்பு ஒன்று ஒப்புதலின்றித் தீர்க்கப்படுவதாக யாரோ தகவல் கொடுத்திருக்கிறார்கள். கையில் கோப்பு. உட்கார இடம் பார்த்தார். எல்லா நாற்காலியிலும் ஆட்கள். ஒன்றே ஒன்றுதான் காலியாக இருந்தது. அதில் அவர் கையாலேயே எழுதி ஒட்டிய தாள் இன்னும் உரியாமல் இருந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். வெயில் கடுமையாக இருந்தது. பிறகு அதில் உட்கார்ந்துவிட்டார். யாரோ அவர் கையில் டீ கொடுத்தார்கள்.

ரோசி அக்கா துண்டை அவர் முன்னாலும் நீட்டினார். ராமதாஸ் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு இருநூறு ரூபாய் போட்டார். போட்ட பிறகு பழக்கம் விடவில்லை.

"ரசீது?"

"குடுக்கறேன் சார்" என்றார் இன்னாசி அண்ணன்.

"என்ன தலைப்பில்?"

"உசிரோட கீறவங்க குட்த்தது."

பேண்டு ஆரம்பித்துவிட்டது. அதற்கு மேல் பேச்சு கேட்கவில்லை. காசிமேடு கல்லறை வரை ராமதாஸ் கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு கூட்டத்தோடு நடந்து வந்தார். வாத்தியக்காரர்களை மட்டும் ஒருமுறை எண்ணினார்.

அவர் மாறிவிட்டார் என்று நாங்கள் நினைத்தோம். ஏப்ரல் பதினைந்தாம் தேதி ஒரு பழுப்பு உறை வந்தது. கீழே அவர் கையெழுத்துதான்.

'பார்வையில் கண்ட தங்கள் சங்கத்தின் இருப்புநிலைக் குறிப்பில் நடப்புப் பொறுப்பாகக் காட்டப்பட்ட எட்டு உறுப்பினர்களில் ஒருவர் மட்டுமே நிதியாண்டுக்குள் இறந்துள்ளார். மீதமுள்ள ஏழு பேர் இன்னும் இறக்காமைக்கான காரணத்தைப் பதினைந்து நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கவும்.'

ஏழு பேரையும் மாடிக்கு வரச் சொன்னார் இன்னாசி அண்ணன். ஜெரி ஜிம்மிலிருந்து வியர்வையோடு வந்தான். என் மனைவி, போகும்போதே உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினாள். அண்ணன் பேனாவை எடுத்தார். கை நடுங்கவில்லை. அவரே சொந்தமாக எழுதி, உரக்கப் படித்தார். நாங்கள் ஏழு பேரும் கீழே வரிசையாகக் கையெழுத்துப் போட்டோம்.

'ஐயா, மேற்படி ஏழு உறுப்பினர்களும் நல்ல உடல்நலத்துடன் உயிரோடு உள்ளனர். தாமதத்துக்கு வருந்துகிறோம். ஆவன செய்யப்படும்.'